லைன் எடுக்கு, உள்ள விட மாட்டேங்கு

டெலிபோன் வழியாகக் கூப்பிடுகிறவர்களை நெட்வொர்க்கில் சேர்த்துவிடும் டயல்-அப் ரவுட்டர் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரவுட்டர் போனை எடுப்பதில்லை. கம்ப்யூட்டரின் பைட்டுகளைச் சத்தமாக்கி டெலிபோன் கம்பியில் அனுப்புகிற மோடம்தான் எடுக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து மணி அடிக்கும்போது மோடம் தன்னுடைய எஸ்0 ரெஜிஸ்டரில் (ஒரு செட்டிங்கின் எண்ணை வைத்திருக்கும் இடம்) என்ன எண் இருக்கிறது என்று பார்க்கும். 1 இருந்தால் முதல் மணிக்கே எடுத்துவிடும், 0 இருந்தால் விடிய விடிய அடித்தாலும் எடுக்காது. இதில் ரவுட்டருக்கு எந்தப் பங்கும் இல்லை. இரண்டு மோடம்களும் கத்திக் கூச்சல் போட்டு ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொண்ட பிறகு, கேபிளில் ஒரு கம்பியில் 'கேரியர் (எதிர்முனை மோடத்தின் சத்தம்) வந்துவிட்டது' என்று சிக்னல் ஏறும்போதுதான் ரவுட்டர் திரும்பிப் பார்க்கிறது.

1995 ஆகஸ்ட் 15-ல் அப்போதைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியதிலிருந்து பிராட்பேண்ட் வரும்வரை நம்மில் நிறையப் பேர் டயல்-அப் பயன்படுத்தியிருக்கிறோம், ஆனால் அது முழுக்கக் கூப்பிடுகிற பக்கத்து அனுபவம். நான் சென்னையில் ஒரு விநியோக நிறுவனத்தில் எடுக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரை, சேலம், திருநெல்வேலி என்று கிளைகள். எப்போதும் இணைந்தே இருக்கும் லீஸ்டு லைன் போடுகிற அளவுக்கு வியாபாரம் இருந்தது, போடுகிற மனசு முதலாளிக்கு இல்லை. அதனால் ராத்திரியில் எஸ்டிடி கட்டணம் குறைந்த பிறகு ஒவ்வொரு கிளையும் சென்னைக்கு டயல் செய்து, அன்றைய பில், ஸ்டாக், வசூல் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுக் கட் செய்யும். சென்னையில் ஒரு சிஸ்கோ 2511, அதன் முதுகிலிருந்து கிளை பிரிந்து தொங்கும் இரண்டு ஆக்டோபஸ் கேபிள்கள், ஒவ்வொரு நுனியிலும் ஒரு மோடம். மோடம் செருகுகிற அசின்க் போர்ட் 2511-க்கு 16, தம்பியான 2509-க்கு 8. உள்ளே இருந்தது 20 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் மோட்டோரோலா 68030 சிப், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு 16 லைனையும் அது அலட்டிக்கொள்ளாமல் சமாளித்தது.

திருநெல்வேலிக் கிளையின் கணக்கர் வயதில் மூத்தவர், கம்ப்யூட்டரை நம்பாதவர். அவர் போனில் சொல்கிற புகார் எப்போதும் ஒரே வரிதான்: "தம்பி, லைன் எடுக்கு, ஆனா உள்ள விட மாட்டேங்கு." நான் "எந்த இடத்துல கட் ஆகுது அண்ணாச்சி, சத்தம் நின்னதுக்கு அப்புறமா, முன்னாடியா?" என்று கேட்பேன். அவர் கொஞ்சம் யோசித்து, "சத்தம் நின்னுட்டு. பாஸ்வேர்டு பாக்கேன்னு சொல்லுது. அப்புறம்தான் போயிட்டு" என்பார். இன்றைக்கு எனக்கு வருகிற எத்தனையோ டிக்கெட்டுகளில் 'நெட்வொர்க் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது அண்ணாச்சியின் புகார் எவ்வளவு துல்லியம் என்று தோன்றுகிறது. எடுப்பது ஒருவர் வேலை, உள்ளே விடுவது வேறொருவர் வேலை என்று அவர் சரியாகப் பிரித்துச் சொல்லிவிட்டார். உண்மையில் இன்னும் இரண்டு பேர் நடுவில் இருக்கிறார்கள். எடுப்பது மோடம். வந்த பைட்டுகளை வாங்கி அது என்ன மொழி என்று பார்ப்பது ரவுட்டரின் லைன், அதாவது மோடம் செருகிய போர்ட். நீ யார் என்று கேட்பது பிபிபி, டெலிபோன் லைனில் நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பரிமாற இரண்டு முனைகளும் பேசும் மொழி. ஐபி முகவரி கொடுப்பது அதற்கும் அப்புறம். இந்த நால்வரில் யார் மறுத்தாலும் கூப்பிட்டவருக்குக் கேட்பது ஒரே 'டொக்'தான்.

மோடத்திலிருந்தே தொடங்கலாம். சிஸ்கோ ரவுட்டரில் லைனுக்குள் போய் 'மோடம் இன்அவுட்' என்றோ, உள்வரும் அழைப்பு மட்டும் போதும் என்றால் 'மோடம் டயலின்' என்றோ கொடுக்க வேண்டும். அப்போதுதான் கேரியர் கம்பி, 'நான் தயார்' என்று ரவுட்டர் மோடத்துக்குச் சொல்லும் டிடிஆர் கம்பி எல்லாவற்றுக்கும் ரவுட்டர் மதிப்புக் கொடுக்கும். வேகம் நொடிக்கு 115200 பிட் என்று பூட்டிவிட வேண்டும், ஃப்ளோ கன்ட்ரோல் ('கொஞ்சம் நிறுத்து' என்று எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லும் ஏற்பாடு) ஹார்டுவேர். டெலிபோன் பக்கம் மோடம் 28800-ல் பேசினாலும் 14400-க்கு இறங்கினாலும் ரவுட்டர் பக்கம் 115200 மாறக்கூடாது. பூட்டாமல் விட்டால் சில மோடம்கள் லைன் வேகத்துக்கு ஏற்பக் கேபிள் பக்கத்து வேகத்தையும் மாற்றிவிடும், திரையில் கந்தல் எழுத்துகள் கொட்டும். மோடத்துக்கு ஆரம்பக் கட்டளைகளை ரவுட்டரே அனுப்ப 'மோடம் ஆட்டோகான்ஃபிகர்' என்று ஒன்று உண்டு, அதில் 'டிஸ்கவரி' என்று போட்டால் என்ன மோடம் என்று தானே கண்டுபிடிக்கப் பார்க்கும். அதைப் போடாதீர்கள். ஒவ்வொரு முறை லைன் விடுபடும்போதும் இது அதுவா இதுவா என்று ஒவ்வொரு மாடலாக முயன்று நேரத்தைத் தின்னும், கடைசியில் தப்பாகவும் யூகிக்கும். மோடத்தின் வகையை நாமே பெயர் சொல்லிக் கொடுத்துவிடுவதுதான் நிம்மதி. கையால் ஒருமுறை செட்டிங் கொடுத்துச் சேமிக்க வேண்டுமென்றால் ரிவர்ஸ் டெல்நெட் இருக்கிறது (டெல்நெட் என்பது நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷினில் கட்டளை தட்டும் முறை). ரவுட்டரின் முகவரிக்கு 2001-வது போர்ட்டில் டெல்நெட் செய்தால் முதல் லைனின் மோடத்தோடு நேராகப் பேசலாம், 2016 என்றால் பதினாறாவது.

இந்தக் கட்டத்தில் ஒரு விஷயம், எந்த மேனுவலிலும் பெரிதாகப் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் எங்கள் ராத்திரிகளை அதிகம் கெடுத்தது இதுதான். எங்களுக்கு டெலிபோன் டிபார்ட்மென்ட் கொடுத்தது ஹண்டிங் லைன். கிளைகள் கூப்பிடுவது ஒரே எண், எக்ஸ்சேஞ்ச் அதை வரிசையில் எந்த லைன் காலியோ அதற்குத் தள்ளிவிடும். சரி. இப்போது மூன்றாவது மோடம் தொங்கிப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை அந்த லைன் காலி, ஏனென்றால் யாரும் அதில் பேசவில்லை. முதல் இரண்டு லைனும் பிஸி என்றால் அடுத்து வருகிற அழைப்பு மூன்றாவதுக்குப் போகும், மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அதற்கடுத்து வருகிறவரும் அதே மூன்றாவதுக்கே போவார். மிச்சம் பதின்மூன்று மோடமும் சும்மா உட்கார்ந்திருக்கும், ஊரெல்லாம் 'லைன் எடுக்கலை' என்று புலம்பும். ஒரே ஒரு செத்த மோடம் பின்னால் இருக்கிற அத்தனையையும் சாகடித்துவிடும். மோடத்தை மாற்றும்வரை செய்ய வேண்டியது அந்த லைனைப் பிஸி ஆக்குவது. மோடம் கட்டளை கேட்கிற நிலையில் இருந்தால் ஏடிஎச்1 என்று அனுப்பினால் போனை எடுத்து வைத்துக்கொள்ளும், எக்ஸ்சேஞ்ச் தாண்டிப் போய்விடும். அதுவும் கேட்காவிட்டால் அந்த ஜாக்கில் சாதாரண டெலிபோன் ஒன்றைச் செருகி ரிசீவரை எடுத்து மேசை மேல் வைத்துவிட வேண்டியதுதான்.

நடுவில் ஒரு நிர்வாகி, மோடங்களை எல்லாம் 56கே ஆக மாற்றினால் எஸ்டிடி பில் பாதியாகும் என்று கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார். பெட்டியில் 56 என்று போட்டிருக்கிறதே என்பதுதான் அவர் வாதம். 1998-ல் வந்த வி.90 தரத்தில் 56கே கிடைக்க வேண்டுமென்றால் சர்வர் பக்கம் எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாக இணைந்திருக்க வேண்டும். நம் பக்கமும் சாதாரணச் செம்புக் கம்பி என்றால் சிக்னல் போகும் வழியில் அனலாகிலிருந்து டிஜிட்டலுக்கு இன்னொரு முறை மாற வேண்டிவரும், அந்த மாற்றத்தில் சேருகிற இரைச்சல் 33.6-க்கு மேல் போக விடாது. இரண்டு முனையிலும் 56கே பெட்டி வைத்தாலும் அதே 33.6தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் இ1 என்ற டிஜிட்டல் லைன் எடுத்து, டிஜிட்டல் மோடம் உள்ளேயே உள்ள பெரிய ஆக்சஸ் சர்வர் வாங்க வேண்டும். விலையைச் சொன்னதும் பேச்சு நின்றது. மழைக்காலத்தில் எங்கள் தெரு ஜாயின்ட் பாக்ஸில் தண்ணீர் ஏறினால் 33.6-உம் கனவுதான் என்பது வேறு கதை.

எடுப்பதைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், பாதுகாப்பு என்று பார்த்தால் எடுப்பதைவிட அது முக்கியம். கூப்பிட்டவர் கட் செய்துவிட்டார் என்பது ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? மோடம் கேரியர் கம்பியை இறக்க வேண்டும். அதற்கு மோடத்தில் &சி1 இருக்க வேண்டும். &சி0 இருந்தால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேரியர் இருப்பதாகவே அது காட்டிக்கொண்டிருக்கும். அதேபோல் ரவுட்டர் டிடிஆர் கம்பியை இறக்கினால் மோடம் போனை வைக்க வேண்டும், அதற்கு &டி2. இரண்டும் சரியாக இருந்தாலும் அடாப்டர் கவிழ்த்துவிடும். ரவுட்டர் பக்கத்து எட்டுக் கம்பி ஜாக்கில் கேரியருக்கென்று தனி இடமே கிடையாது, மோடத்தின் கேரியரை ரவுட்டரின் டிஎஸ்ஆர் ('மோடம் தயார்' சிக்னல்) இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அந்த 25 பின் அடாப்டர்தான். அதில் 'எம்மோட்' வகை ஒன்று, 'எம்டிசிஇ' வகை ஒன்று. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னதில் கேரியர் வந்து சேராது.

சேராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சேலத்துக்காரர் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்து வேலை பார்க்கிறார், நடுவில் லைன் அறுந்துவிடுகிறது. ரவுட்டருக்கு அவர் போனது தெரியாது, செஷன் திறந்தபடியே இருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து யாரோ ஒருவர் அதே எண்ணைக் கூப்பிடுகிறார், மோடம் எடுக்கிறது, அவர் நேராகச் சேலத்துக்காரரின் செஷனில் போய் உட்கார்கிறார். பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. இதற்கு மேல் நீங்கள் எந்த அங்கீகார முறையைப் போட்டாலும் அர்த்தமில்லை. அதனால் புது மோடம் ஒன்றைச் சேர்க்கும்போது நான் செய்கிற முதல் சோதனை, டயல் செய்து உள்ளே போய், டெலிபோன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரவுட்டரில் 'ஷோ லைன்' போட்டு அந்த லைனுக்கு எதிரே உள்ள நட்சத்திரக் குறி மறைகிறதா என்று பார்ப்பது. மறையவில்லை என்றால் மற்ற எதையும் தொடமாட்டேன்.

இனி லைன். கேரியர் வந்ததும் ரவுட்டருக்கு ஒரு குழப்பம்: வந்திருப்பது டெர்மினலில் உட்கார்ந்த மனிதரா, பிபிபி பேசும் கம்ப்யூட்டரா? 'அசின்க் மோட் இன்டராக்டிவ்' கொடுத்து 'ஆட்டோசெலக்ட் பிபிபி' என்றும் சொல்லியிருந்தால், வருகிற பைட்டுகளைப் பார்க்கும். பிபிபி ஃப்ரேம் எப்போதும் 126 என்ற பைட்டில் தொடங்கும், எழுத்துகளுக்கான எண் பட்டியலான ஆஸ்கியில் அது டில்டே (~) குறி. அதைக் கண்டால் பிபிபி, என்டர் தட்டினால் மனிதர். ஏதாவது ஒரு டெர்மினல் புரோகிராமில் இந்த மாதிரி சர்வரைக் கூப்பிட்டுத் திரையில் டில்டேயும் வளைவு அடைப்புகளுமாகப் பறந்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். பழுது இல்லை, பிபிபிதான் பேச்சை ஆரம்பித்திருக்கிறது.

இரண்டையும் அனுமதிப்பது வசதி. ஆனால் டெர்மினல் வழியாக வருகிறவருக்குக் கிடைப்பது ரவுட்டரின் சொந்த ப்ராம்ப்ட், அங்கிருந்து உள்ளே இருக்கும் எந்த மெஷினுக்கும் டெல்நெட் அடிக்கலாம். கிளைகள் மட்டும் கூப்பிடுகிற இடத்தில் அது தேவையே இல்லை. 'அசின்க் மோட் டெடிகேட்டட்' கொடுத்துவிட்டால் பிபிபி தவிர வேறு பேச்சே கிடையாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது லைன் மட்டத்து லாகின் போய்விடுகிறது, பிபிபி-யின் அங்கீகாரம் மட்டுமே வாசல். அந்தப் பிபிபி-யில் அங்கீகாரம் கட்டாயம் இல்லை. 1994-ல் வந்த, பிபிபி-யின் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 1661 ஆவணத்திலேயே அது விருப்பம் போலத்தான். 'பிபிபி ஆதென்டிகேஷன்' என்ற ஒரு வரியை எழுதாமல் விட்டால் ரவுட்டர் பேர் கேட்காமல், ஊர் கேட்காமல் வந்தவருக்கெல்லாம் ஐபி முகவரி கொடுத்து உட்கார வைத்துவிடும். எல்லாம் அருமையாக வேலை செய்யும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

பிபிபி பேச்சை நேரில் பார்க்க 'டீபக் பிபிபி நெகோஷியேஷன்' போட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஐ என்றால் உள்ளே வந்தது, ஓ என்றால் நாம் அனுப்பியது. முதலில் எல்சிபி, இணைப்பின் விதிகளைப் பேசி முடிக்கும் கட்டம். (இதில் வரும் சாப், பாப் இரண்டும் ஆளைச் சரிபார்க்கும் முறைகள்.) 'இவன் தன்னை நிரூபிக்க வேண்டும், சாப் முறையில்' என்று நாம் கேட்போம், எதிர்முனை சரி என்று ஏற்கலாம், 'சாப் வேண்டாம், பாப் என்றால் வருகிறேன்' என்று பேரம் பேசலாம், எதுவும் முடியாது என்றும் சொல்லலாம். ஓ வரிகள் மட்டும் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டு ஐ ஒன்றும் வராவிட்டால் எதிர்முனை பிபிபி பேசவில்லை, அல்லது லைன் அவ்வளவு மோசம். இன்னொரு வேடிக்கை உண்டு. நாம் அனுப்பிய அதே பாக்கெட் அப்படியே திரும்பி வரும். ஒவ்வொரு முனையும் தன் கோரிக்கையில் ஒரு மேஜிக் நம்பர் வைத்து அனுப்புவதால் ரவுட்டர் 'இது என் குரல்தானே' என்று கண்டுபிடித்து லூப் என்று அறிவித்துவிடும். பல நேரம் காரணம், மோடம் இணைப்பில் இல்லாமல் கட்டளை கேட்கும் நிலையில் இருப்பதும் அதில் எக்கோ அணைக்கப்படாமல் இருப்பதும்தான். ஏடிஇ0 என்று ஒரு கட்டளை தீர்த்துவிடும்.

அடுத்தது சாப்பும் பாப்பும். இதில்தான் எனக்குக் கொஞ்சம் வழக்கத்துக்கு மாறான கருத்து இருக்கிறது. இரண்டுமே 1992-ன் ஆர்எஃப்சி 1334-ல் ஒன்றாக வந்தவை. பாப் என்றால் கூப்பிட்டவர் பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே அனுப்புவார், எடுத்தவர் சரி பார்ப்பார், முடிந்தது. சாப்பில் எடுத்தவர் முதலில் ஒரு தற்செயல் எண்ணை, தன் பெயரோடு சேர்த்து அனுப்புவார். கூப்பிட்டவர் அந்த எண், பாக்கெட்டின் அடையாள எண், ரகசியச் சொல் மூன்றையும் சேர்த்து எம்டி5 என்ற, திருப்பிப் போட முடியாத கணக்கைப் போட்டு விடையை மட்டும் அனுப்புவார். எடுத்தவரும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார். ரகசியம் கம்பியில் போகவே போகாது. நடுவில் நினைத்தபோது மறுபடியும் கேட்கலாம். சாப்புக்கான தனி ஆர்எஃப்சி-யின் எண் 1994, வெளிவந்த வருடம் 1996. நேர்முகத் தேர்வுகளில் ஆட்களைத் தடுமாற வைக்க நான் இதைக் கேட்டதுண்டு, இப்போது நினைத்தால் கொஞ்சம் அற்பமாகத்தான் இருக்கிறது.

எல்லாப் பாடப்புத்தகமும் பாப் கெட்டது, சாப் நல்லது என்று ஒரே வரியில் முடித்துவிடும். காரணம், பாஸ்வேர்டு கம்பியில் வெளிப்படையாகப் போகிறதாம். சரி, அந்தக் கம்பி எது? டெலிபோன் கம்பி. அதில் ஒருவன் ஒட்டுக்கேட்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். வி.34 தரத்து மோடம்கள் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், ஒன்றின் மேல் ஒன்றாகப் பேசுகின்றன. ஒவ்வொன்றும் தன் குரலைத் தானே கழித்துவிட்டு எதிராளியைக் கேட்கிறது. நடுவில் ஒட்டுக்கேட்பவனுக்கு எதைக் கழிக்க வேண்டும் என்றே தெரியாது. முடியாதது என்று சொல்லவில்லை, ஆனால் சேலத்தின் ஸ்டாக் லிஸ்ட்டுக்காக யாரும் அந்தப் பாடு படமாட்டார்கள்.

இப்போது சர்வர் பக்கம் பாருங்கள். சாப் வேலை செய்ய வேண்டுமென்றால் எடுக்கிற பக்கம் அதே எம்டி5 கணக்கைப் போட வேண்டும், அதற்கு அசல் பாஸ்வேர்டு கையில் இருக்க வேண்டும். அசலைத் திரும்ப எடுக்க முடியாதபடி ஹாஷ் செய்து வைக்க முடியாது. சிஸ்கோவில் 'யூசர்நேம் ... பாஸ்வேர்டு' என்று எழுதி, 'சர்வீஸ் பாஸ்வேர்டு என்க்ரிப்ஷன்' போட்டால் 7 என்ற எண்ணோடு புரியாத எழுத்துகளாகத் தெரியும். அது வெறும் திரைச்சீலை. டைப் 7-ஐத் திருப்பிப் போட்டு அசலை எடுக்கிற சிறு புரோகிராம்கள் ஊரெல்லாம் கிடைக்கும். திருப்ப முடியாத டைப் 5-ல் வைத்தால் சாப் வேலையே செய்யாது. ஆக, சாப் போட்ட ரவுட்டரின் கான்ஃபிகரேஷன் பேக்கப் ஒன்று யார் கையிலாவது கிடைத்தால் எல்லாக் கிளையின் ரகசியமும் கிடைத்தது. பாப் என்றால் சர்வரில் ஹாஷ் மட்டும் போதும். லினக்ஸில், அழைப்பை எடுக்கும் எம்கெட்டி புரோகிராமை வைத்து, அதன் ஆட்டோபிபிபி வரியில் பிபிபி பேசும் பிபிபிடி-க்கு 'லாகின்' என்று சொல்லிவிட்டால் சாதாரண யூனிக்ஸ் பாஸ்வேர்டு கோப்பையே வைத்து எல்லாரையும் சரி பார்த்துவிடலாம், அந்தக் கோப்பில் அசல் பாஸ்வேர்டு ஒன்றுகூட இருக்காது. ஆயிரக்கணக்கான சந்தாதாரர் வைத்திருந்த இணைய நிறுவனங்கள் பாப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இது நல்ல காரணம்.

பாப்பின் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கூப்பிடுகிறவருக்கு, எடுத்தது யார் என்று தெரியாது. யாராவது அந்த எண்ணுக்குக் கால் ஃபார்வர்டிங் போட்டு வைத்திருந்தாலோ, கிளையில் யாராவது டயல் செய்யும் எண்ணை மாற்றிவிட்டாலோ, எடுத்தவன் 'பாப் அனுப்பு' என்றால் போதும், பாஸ்வேர்டு தட்டில் வந்துவிடும். அதற்குக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம். சாப் இந்த இடத்தில் காப்பாற்றுகிறது. என் வாதம் அவ்வளவுதான். கிளை ரவுட்டர்கள் ஆளில்லாமல் தாமாகவே கூப்பிடுகிற எங்கள் மாதிரி இடத்துக்கு, எண்ணிக்கை கொஞ்சம், சாப் சரி. நூற்றுக்கணக்கான மனிதர்கள் கூப்பிடுகிற இடத்தில் ஹாஷ் செய்த கோப்பும் பாப்பும் வெட்கப்பட வேண்டிய ஏற்பாடு இல்லை. ஆனால் 'பிபிபி ஆதென்டிகேஷன் சாப் பாப்' என்று இரண்டையும் எழுதிவிட்டுச் சாப் போட்டிருக்கிறோம் என்று மார்தட்டக்கூடாது. சாப்பை மறுத்துப் பாப் கேட்டால் ரவுட்டர் ஒத்துக்கொள்ளும், தேர்வு கூப்பிட்டவன் கையில்.

சாப் போட்ட இடத்தில் 'பாஸ்வேர்டு சரியாகத்தானே இருக்கிறது' என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை பெயரால் வருபவை. நாம் அனுப்பும் சவாலில் (அந்தத் தற்செயல் எண் போகும் பாக்கெட்) நம் ரவுட்டரின் ஹோஸ்ட்நேம் போகிறது. கிளை ரவுட்டர் அந்தப் பெயரைத் தன்னிடம் தேடி, அதற்கு எதிரே உள்ள ரகசியத்தை எடுத்துத்தான் கணக்குப் போடும். அண்ணாச்சியின் புகார் ஒருநாள் எல்லாக் கிளைகளிலிருந்தும் ஒரே ராத்திரியில் வந்தது. நிர்வாகத்தில் யாரோ எல்லாச் சாதனங்களுக்கும் ஒழுங்காகப் பெயர் வைக்கச் சொல்லி, தலைமை அலுவலக ரவுட்டரின் ஹோஸ்ட்நேம் மாறியிருந்தது. அந்தப் புதுப் பெயரைக் கிளைகளுக்குத் தெரியாது. 'பிபிபி சாப் ஹோஸ்ட்நேம்' என்று பழைய பெயரைத் தனியாகக் கொடுத்ததும் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள், சாதனத்தின் பெயரும் அழகாகவே இருந்தது. பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் இங்கே பார்க்கப்படும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'பிபிபி ஆதென்டிகேஷன்' வரியின் கடைசியில் 'காலின்' என்ற சொல்லையும் சேர்த்துவிடுவது நல்லது. அது இருந்தால் வருகிறவரை மட்டும் கேள்வி கேட்கும். இல்லாவிட்டால், இதே ரவுட்டர் வெளியே ஒரு இணைய நிறுவனத்தை டயல் செய்யும்போதும் 'முதலில் நீ யாரென்று நிரூபி' என்று அவர்களைக் கேட்கும், அவர்கள் போனை வைத்துவிடுவார்கள்.

ஆள் எண்ணிக்கை கூடினால் ரவுட்டரில் பெயர் எழுதிக்கொண்டிருக்க முடியாது, எல்லாப் பெயர்களையும் ஒரே சர்வரில் வைத்துச் சரிபார்க்கும் ரேடியஸ் வேண்டும். லிவிங்ஸ்டன் நிறுவனம் தன் போர்ட்மாஸ்டர் சர்வர்களுக்காக உருவாக்கியது, பிறகு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. ஆரம்பத்தில் எல்லாரும் 1645-வது யூடிபி போர்ட்டைப் பயன்படுத்தினார்கள், அது ஏற்கெனவே வேறு சேவைக்கு ஒதுக்கப்பட்டது என்று தெரிந்து அதிகாரபூர்வமாக 1812-க்கு மாறியது. பழைய ரவுட்டர் 1645-ல் கேட்கும், புது சர்வர் 1812-ல் காத்திருக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே செய்யாது. அப்புறம் 'குரூப் ரேடியஸ் லோக்கல்' என்று எழுதுவோமே, அதில் லோக்கல் என்பது இரண்டாவது வாய்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. கேஷியர் லீவு என்றால் மட்டும்தான் நேராக முதலாளியிடம் போகலாம், கேஷியர் 'முடியாது' என்று சொன்ன பிறகு முதலாளியிடம் போக வழியில்லை. ரேடியஸ் பதிலே சொல்லாவிட்டால் மட்டும் லோக்கல் பட்டியல் பார்க்கப்படும். இதில் ஒரு விபரீதம், போர்ட் தப்பாக இருந்து ரேடியஸை ஒருநாளும் எட்டாத ரவுட்டரில்கூட லோக்கலில் பெயர் உள்ளவர்கள் நன்றாக உள்ளே வந்துகொண்டிருப்பார்கள், கொஞ்சம் தாமதமாக. புதிதாக ஒருவரை ரேடியஸில் சேர்த்து அவரால் வர முடியாதபோதுதான் விஷயமே வெளியே தெரியும்.

அங்கீகாரம் முடிந்தும் கட் ஆகிறதென்றால் முகவரியைப் பாருங்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒதுக்கிய பூலில் எட்டு முகவரியை வைத்துக்கொண்டு 16 லைனைத் திறந்து வைத்தால் ஒன்பதாவது ஆள் பாஸ்வேர்டு எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்.

கால்பேக் பற்றி ஒரு வார்த்தை. கிளை கூப்பிடும், தன்னை நிரூபிக்கும், நாம் போனை வைத்துவிட்டு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடுவோம். முதலாளிக்கு இது பில் எல்லாம் ஒரே இடத்தில் வருகிறது என்பதால் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்தது வேறு காரணத்துக்காக: பாஸ்வேர்டு திருட்டுப் போனாலும் மணி அடிப்பது சேலம் கிளையில்தான். முழு நம்பிக்கை வைக்கவும் முடியாது. சில எக்ஸ்சேஞ்சுகளில் கூப்பிட்டவர் வைக்காதவரை லைன் விடுபடாது. கள்ளன் போனை வைக்காமல் ஒரு போலி டயல்டோனை மட்டும் ஒலிக்கவிட்டால், அதே லைனில் திருப்பிக் கூப்பிடும் நம் மோடம் அவனிடமே வந்து சேரும். வெளியே கூப்பிட வேறு லைன் வைப்பதுதான் வழி. டிஜிட்டல் டெலிபோன் லைனான ஐஎஸ்டிஎன் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அழைப்பு வரும்போதே யார் கூப்பிடுகிறார்கள் என்ற எண் சிக்னலுக்கென்றே உள்ள தனி டி சேனலில் வந்துவிடும். 'ஐஎஸ்டிஎன் காலர்' என்று எண்களை எழுதி வைத்தால் பட்டியலில் இல்லாதவரின் அழைப்பை ரவுட்டர் எடுக்கவே எடுக்காது, கூப்பிட்டவருக்கு ஒரு பைசாவும் செலவாகாது. அனலாக் மோடத்தில் எடுத்த பிறகுதான் கேட்க முடியும்.

இதெல்லாம் செத்துப்போன வித்தை என்று தோன்றலாம். 2511-கள் பயிற்சி லேப்களில் மற்ற சாதனங்களின் கட்டளைத் திரையைத் தொட உதவும் கன்சோல் சர்வராகப் பல வருடம் இரண்டாவது வாழ்க்கை வாழ்ந்தன, என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதைவிட, ஒதுக்குப்புறமான இடங்களில் மெயின் லிங்க் விழுந்தால் ரவுட்டரைத் தொட வேறு வழி வேண்டும் என்பதற்காக ஆக்ஸ் என்ற துணைப் போர்ட்டில் ஒரு மோடம் தொங்கவிடுகிற வழக்கம் ரொம்ப நாள் இருந்தது. அதற்கு ஃபயர்வால் கிடையாது, லாக் பார்ப்பவர் கிடையாது, எண்களை வரிசையாக டயல் செய்து எது மோடம் என்று தேடுகிற புரோகிராம்களுக்கு நல்ல வேட்டை. பழைய 2500-களில் ஆக்ஸ் 38400-க்கு மேல் போகாது, கன்சோல் வேலைக்கு அது தாராளம். நான் பார்த்துக்கொண்ட அப்படிப்பட்ட ஒரு இடத்தில் லைனுக்கு லோக்கல் லாகின், சும்மா இருந்தால் கட் செய்யும் சில நிமிட எக்ஸெக் டைம்அவுட், &சி1, &டி2 எல்லாம் போட்டுவிட்டு, மோடத்தின் பவர் அடாப்டரைக் கழற்றி ரேக் மேலேயே வைக்கச் சொல்லியிருந்தேன். லிங்க் விழுந்தால் அங்கிருக்கும் வாட்ச்மேனுக்குப் போன் செய்து "அண்ணே, அந்தக் கறுப்பு அடாப்டரைக் கொஞ்சம் செருகுங்க" என்று சொல்ல வேண்டும். அவர் என் குரலை அடையாளம் கண்ட பிறகும் ஒருமுறை "நீங்க எந்த ஆபீசுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் செருகுவார்.